தோற்ற கருத்துரைகளையும் வாசிக்க வைக்கும் வகுப்பு: பாலக்காட்டுச் சித்தூரில் பத்து சனிக்கிழமைகள்

பாலக்காட்டுச் சித்தூரில், பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள ஓர் அச்சகத்தின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் சட்ட வகுப்பு ஒன்றில் பத்து வாரம் படித்து முடித்திருக்கிறேன். லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்குக் கருத்துரை வழங்கும் அட்வகேட் ஜெனரல்கள், நாடுகளுக்கு மேலான ஒரு சட்டம் உருவாவதில் என்ன பங்காற்றினார்கள் என்பதே பாடம். சட்டக் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவர் தமிழில் நடத்துகிறார். மூலங்களை மட்டும் ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்கிறார். கட்டணம் 2,500 ரூபாய். ‘நம்ம கோர்ட்டுல இதை வச்சு என்ன பண்ணப் போறே?’ என்று என் சீனியர் கேட்டார். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும் அதே கேள்வி இருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வாரம் முழுவதும் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே கழிந்தது. அது வீணான நேரம் அல்ல. நமக்கு அட்வகேட் ஜெனரல் என்றால் அரசியலமைப்பின் 165-ஆவது பிரிவின்படி ஆளுநர் நியமிக்கும் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர். லக்சம்பர்கில் அந்தப் பெயரைத் தாங்கியவர் எந்தத் தரப்புக்காகவும் வாதாடுவதில்லை. அவர் நீதிமன்றத்தின் உறுப்பினர். நீதிபதிக்குரிய அதே தகுதியும் ஆறு ஆண்டுப் பதவிக்காலமும் அவருக்கும் உண்டு. இரு தரப்பும் பேசி முடித்தபின், வழக்கு எப்படித் தீர்க்கப்பட வேண்டும் என்று காரணங்களோடு கூடிய கருத்துரையை அவர் வெளிப்படையாக முன்வைப்பார். நீதிபதிகள் தனியே கூடி முடிவெடுக்கும்போது அந்த அறைக்குள் அவர் போக மாட்டார். நம் நீதிமன்றங்கள் தங்களுக்கு உதவ நியமிக்கும் வக்கீலான அமிகஸ் கியூரியோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் அமிகஸ் ஒரு வழக்குக்காக அழைக்கப்படுபவர், இவர் நிரந்தரமாக அமர்ந்திருப்பவர்.

இந்தப் பதவியின் வேர் பிரெஞ்சு உயர் நிர்வாக நீதிமன்றமான கோன்ஸேய் தெத்தாவில் இருக்கிறது. அங்கே இதே வேலையைச் செய்தவருக்கு ‘அரசு ஆணையர்’ என்று பெயர். அவரும் அரசுக்காகப் பேசியவர் அல்லர் என்பதால், 2009-இல் அந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள். 1952-இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான நிலக்கரி, எஃகுச் சமூகத்துக்காக நீதிமன்றம் தொடங்கியபோது இருவர்தான் இருந்தார்கள்: பிரான்ஸின் மோரீஸ் லக்ராஞ்ஜ், ஜெர்மனியின் கார்ல் ரோமர். லக்ராஞ்ஜ் அந்தச் சமூகத்தின் ஒப்பந்தத்தை எழுதுவதிலேயே பங்கெடுத்தவர். இன்று இவர்கள் பதினொருவர்.

அந்த நீதிமன்றம் ஒரே தீர்ப்பைத்தான் தரும். மாறுபட்ட தீர்ப்பு என்பது அங்கே கிடையாது. எந்த நீதிபதி எப்படி நினைத்தார் என்பது வெளியே வருவதே இல்லை. எனவே ஒரு மனிதர் தம் பெயரில் கையெழுத்திட்டு, எதிர்வாதங்களை எடைபோட்டு, உறுப்பு நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டு எழுதும் ஒரே ஆவணம் இந்தக் கருத்துரைதான். வகுப்பின் பலமும் இதைப் பிடித்துக்கொண்டதில்தான் இருக்கிறது. பாடநூல்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கருத்துரையை அடிக்குறிப்பில் தள்ளிவிடும். இங்கே கருத்துரையை முதலில் வாசித்து, இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பை எடுக்கச் சொல்கிறார்கள். நீதிபதிகள் எந்த இடத்தில் அதைக் கைவிட்டார்கள் என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது.

மூன்றாம் வாரத்தின் வான் ஹென்ட் என் லோஸ் வழக்கு இதற்கு நல்ல தொடக்கம். ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு வந்த யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளுக்கு 3 சதவீதமாக இருந்த சுங்கவரி 8 ஆயிற்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது என்றது இறக்குமதி நிறுவனம். அந்தப் பிரிவு அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் அதை நேரே எடுத்து வழக்காட முடியாது என்பது ரோமரின் கருத்துரை. உறுப்பு நாடுகளின் அரசியலமைப்புகள் வெவ்வேறானவை என்பதால் சட்டம் நாட்டுக்கு நாடு வேறாக நடக்கும் என்று அவர் கவலைப்பட்டார். 5 பிப்ரவரி 1963 அன்று நீதிமன்றம் அதை ஏற்காமல், தனி மனிதருக்கே உரிமை உண்டு என்றது. மறு ஆண்டு மிலானில் 1,925 லீரா மின் கட்டணத்தைக் கட்ட மறுத்த வழக்கறிஞர் கோஸ்டாவின் வழக்கு வந்தபோது, நாட்டுச் சட்டத்தைவிட ஒப்பந்தமே முதன்மையானது என்று லக்ராஞ்ஜ் வாதிட்டார். 15 ஜூலை 1964 தீர்ப்பும் அதே திசையில் போயிற்று. ரோமரின் கவலைக்குக் கோஸ்டா தீர்ப்பில்தான் விடை கிடைத்தது என்று ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். வான் ஹென்ட் தீர்ப்பைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். எதிர்த்து எழுதப்பட்ட கருத்துரை ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

அன்று ஒலவக்கோட்டிலிருந்து வரும் மாணவி ஒருவர், ‘மாஷே, தோத்துப்போன கருத்துரைக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?’ என்று கேட்டார். ‘தீர்ப்பு பதில் சொல்லாம விட்ட கேள்வி இதிலதான் இருக்கும்மா’ என்றார் அவர். ஆறாம், ஏழாம் வாரங்கள் அந்தப் பதிலை மெய்ப்பித்தன. முழுப் பாடத்திலும் சிறந்த பகுதி அதுவே.

ஃபாச்சினி தோரி வழக்கை முதலில் வாசித்தோம். மிலான் ரயில் நிலையத்தின் அருகே ஒரு பெண் ஆங்கிலம் கற்கும் அஞ்சல்வழிப் பாடத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, சில நாளில் வேண்டாம் என்று எழுதினார். அப்படி விலக உரிமை தரும் ஐரோப்பியப் பணிப்பாணை, அதாவது உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக்கிக்கொள்ள வேண்டிய ஆணை, இருந்தது. இத்தாலி அதை உரிய காலத்தில் சட்டமாக்கியிருக்கவில்லை. தனியாருக்கு எதிராகவும் அத்தகைய ஆணைகள் இனி நேரே செல்லுபடியாக வேண்டும் என்று அட்வகேட் ஜெனரல் லென்ஸ் எழுதினார். 14 ஜூலை 1994 தீர்ப்பு மறுத்துவிட்டது. ஆனால் கடமை தவறிய அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்ற வழியைச் சுட்டிக்காட்ட வேண்டிய நிலைக்கு நீதிமன்றம் வந்தது.

அடுத்தது 2002-இன் ஸ்பெயின் சிறு விவசாயிகள் சங்க வழக்கு. ஆலிவ் எண்ணெய்ச் சந்தையைத் திருத்திய ஓர் ஒழுங்குமுறை, சிறு உற்பத்தியாளர்களுக்கென்று இருந்த தனி உதவியை நீக்கியது. அதை எதிர்க்கச் சங்கம் போனால், 1963 முதல் இருந்துவந்த அளவுகோலின்படி ‘உங்களைத் தனித்துப் பாதிக்கவில்லை’ என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒருவருடைய நலனுக்குக் கணிசமான பாதிப்பு உண்டென்றால் அவரை உள்ளே விட வேண்டும் என்று 21 மார்ச் 2002 அன்று அட்வகேட் ஜெனரல் ஜேக்கப்ஸ் கருத்துரை தந்தார். மே மாதத்தில், மீன் வலைக்கண் அளவு பற்றிய வேறொரு வழக்கில், கீழ் நீதிமன்றம் அந்த வழியிலேயே நடந்து அளவுகோலைத் தளர்த்தியது. ஜூலை 25 அன்று மேல் நீதிமன்றமோ, மாற்றம் வேண்டுமென்றால் உறுப்பு நாடுகள்தான் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்று கைவிரித்தது. அவை திருத்தவும் செய்தன: 1 டிசம்பர் 2009 முதல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம், சில வகை ஒழுங்குமுறைகளுக்கு மட்டும் அந்தக் கதவைச் சற்றுத் திறந்தது.

இந்த இடத்தில் ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு ஆழியாற்றைப் பற்றிப் பேசினார். 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டும் என்பது சித்தூர் தாலுகாவில் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் பயிர் காயும் ஒரு விவசாயி யார் கதவைத் தட்டுவார் என்று அவர் கேட்டபோது, ஸ்பெயின்காரர்களின் வழக்கு எங்கோ நடந்ததாகத் தோன்றவில்லை. என் அப்பா தென்னைக்கு நீர் பாய்ச்ச முறை காத்திருந்தவர். அன்று வீடு திரும்பும்வரை எனக்கு வேறு நினைவு இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கருத்துரையை எழுதித் தயாரிப்பதில் ஒவ்வோர் அட்வகேட் ஜெனரலின் அலுவலகத்திலும் இருக்கும் சட்டச் செயலாளர்களுக்கு, அதாவது ரெஃபரெண்டயர்களுக்கு, பெரும் பங்கு உண்டு. செல்வாக்கைப் பற்றிய பாடத்தில் அவர்களுக்குக் கால் மணி நேரம் போதாது. கருத்துரைக்குப் பதில் சொல்லக் கட்சிக்காரர்களுக்கு வாய்ப்பு இல்லை என்ற 2000-ஆம் ஆண்டின் எமேசா சுகர் உத்தரவை ஆசிரியர் அவசரமாகக் கடந்தார். தன் வழக்கைப் பற்றிக் கடைசியாகப் பேசுபவருக்குப் பதில் சொல்ல முடியாது என்பது எந்த வக்கீலையும் உறுத்த வேண்டிய விஷயம்; அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். நகல் தாள்கள் பல மங்கலாக இருந்தன. நான் பின்னர் ஐரோப்பிய நீதிமன்றத்தின் இணையதளத்திலிருந்து அவற்றை இலவசமாகவே இறக்கிக்கொண்டேன். சேருபவர்கள் முதல் வாரமே அப்படிச் செய்துகொள்வது நல்லது.

போட்டித் தேர்வுக்குக் குறிப்பு தேடுபவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது. இரண்டு மூன்று ஆண்டு வழக்காடி, தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டிப் பழகியவர்கள் தயங்காமல் சேரலாம். இப்போது ஒரு தீர்ப்பை எடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் எழுத்தில் தந்த வாதத்தையும் கோப்பிலிருந்து தேடி எடுத்து வாசிக்கிறேன். போன மாதம் ஒரு பாகப்பிரிவினை மேல்முறையீட்டில் எங்கள் வாதத்தின் இரண்டாம் பத்தி அப்படிக் கிடைத்ததுதான். சீனியர் அதைத் திருத்தாமல் கையெழுத்திட்டார்.

அடுத்த அணி ஓணம் விடுமுறைக்குப் பிறகு தொடங்குகிறது. வகுப்பு ஆறு மணிக்கு முடியும் என்று அறிவிப்பில் இருந்தாலும் ஏழாகிவிடும்; கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குத் திரும்ப வேண்டியவர்கள் பேருந்து நேரத்தை முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், அவர்களுடைய கேள்விகளை அவர் முதலில் எடுத்துக்கொள்கிறார்.