முருகைக்கல் கீறலுக்கு டிஞ்சரா, பொவிடோனா?

புறாத்தீவில் நீந்திவிட்டு வந்த மருமகனின் முழங்காலை முருகைக்கல் கீறியிருந்தது. அம்மா அலுமாரிக்குள் கிடந்த டிஞ்சர் போத்தலை எடுத்தார். நான் பொவிடோன் ஐயடீனை எடுத்தேன். "எல்லாம் ஒரே ஐயடீன்தானே" என்றார் அம்மா.

ஐயடீன் ஒன்றுதான், ஆனால் அது இருக்கிற விதம் வேறு. டிஞ்சரில் அது ஸ்பிரிட்டில் கரைந்திருக்கிறது. கிருமியைக் கொல்வதில் குறை சொல்ல முடியாது. திறந்த சதையையும் சேர்த்துச் சுடும், அவ்வளவுதான். பூசி இறுக்கிக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் போடும். பொவிடோனில் ஐயடீன் ஒரு பெரிய மூலக்கூறோடு பிணைந்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். 10% என்று எழுதிய போத்தலில் பயன்படும் ஐயடீன் ஏறத்தாழ 1% மட்டுமே. எரிவும் குறைவு. அந்தக் கபில நிறம் வெளிறினால் மருந்தின் வேலை முடிகிறது என்று அர்த்தம். இரத்தமும் சீழும் அதை வேகமாகத் தீர்த்துவிடும்.

அதனால்தான் என் கணக்கில் முதலிடம் இரண்டுக்கும் இல்லை, குழாய்த் தண்ணீருக்கு. சிறு காயத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும். முழங்காலை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவியபோது அரிசிக் குறுநொய் அளவில் ஒரு வெள்ளைத் துணுக்கு வந்து விழுந்தது. அதை உள்ளே விட்டு எந்த மருந்தை ஊற்றி என்ன பயன்? அப்புறம் பொவிடோனை மெல்லிதாகப் பூசிக் காயவிட்டு, கோஸ் துணியைத் தளர்வாகக் கட்டினேன். டிஞ்சர் அலுமாரிக்கே திரும்பியது.

"இவனுக்கு நண்டு ஒத்துவராதே, ஐயடீன் பூசலாமா?" இது அம்மாவின் அடுத்த கேள்வி. மீன் சாப்பிடும் ஊரில் இந்தப் பயம் நிறையப் பேருக்கு உண்டு. நண்டு, இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றின் புரதம், ஐயடீன் அல்ல. முன்பு பொவிடோன் பூசியே தோல் தடித்திருந்தால் அது வேறு கதை.

தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பச்சைக் குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம். ஐயடீன் தோல் வழியே உடம்புக்குள் போகும். பெரிய தீக்காயத்துக்கும் அப்படித்தான். ஐதரசன் பேரொட்சைட்டோடு கலக்கவும் கூடாது. சீனி வருத்தக்காரரின் கால் காயமும், திருக்கை முள் குத்தியதும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல.

கடைசியாக ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டாய் என்று கேட்டேன். மருமகன் அம்மாவைப் பார்த்தான், அம்மா என்னைப் பார்த்தார். அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.