எக்ஸ்68000 வாங்கப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள் (98,000 யென் போச்சு)

ஷார்ப் எக்ஸ்68000 என்ற பழைய ஜப்பானியக் கணினியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு 98,000 யென் போச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காக டோக்கியோவில் இருக்கிறேன். 1987-ல் இந்த மெஷின் வந்தபோது விலை 3,69,000 யென், மானிட்டர் தனி. இரட்டைக் கோபுரமாக நிற்கும் அந்தப் பெட்டி, 65,536 நிறம், ஃப்ளாப்பியைத் தானே வெளியே தள்ளும் டிரைவ், ஆசைப்படாமல் இருக்க முடியுமா? ஆனால் இதற்கு ஊரறிந்த வியாதி ஒன்று உண்டு. பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள்) ஒழுகும், ஒழுகிய திரவம் போர்டையே அரித்துவிடும். அதனால்தான் மலிவாகக் கிடைக்கும் ஜங்க் சரக்கை (ஓடும் என்ற உத்தரவாதம் இல்லாமல் விற்பது) எல்லாம் விட்டுவிட்டு, "கெப்பாசிட்டர் முழுக்க மாற்றியது, நன்றாக ஓடுகிறது" என்று ஒரு ஏலத் தளத்தில் போட்டிருந்ததைக் கூடுதல் விலை கொடுத்து எடுத்தேன்.

பவர் சப்ளையைத் திறந்து படம் அனுப்ப முடியுமா என்று விற்பவரிடம் கேட்டேன். உடனே அனுப்பினார். பளபளவென்று புது கெப்பாசிட்டர்கள், பக்கத்திலேயே கழற்றிய பழையவை வரிசையாக! அந்தப் படம்தான் என்னைக் கவிழ்த்தது. அப்பா வைத்திருந்த மெஷின், நல்ல கைக்குப் போகட்டும் என்று வேறு எழுதியிருந்தார். பெட்டி வந்ததும் 'பெற்றுக்கொண்டேன்' பொத்தானை அன்றே அழுத்தச் சொல்லி ஒரே கெஞ்சல், அப்போதுதான் பணம் அவர் கைக்குப் போகுமாம். வெளியே ஒரு கீறல் இல்லை, அழுத்தினேன்.

பின்பக்க ஸ்விட்சைப் போட்டால் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. திறந்து பார்த்தால் குப்பென்று மீன் நாற்றம், கெப்பாசிட்டர் காலடியில் பழுப்புப் பிசுக்கு, செப்புத் தடமெல்லாம் பச்சைக் களிம்பு. புதிதாகச் சால்டர் வைத்த அடையாளமே இல்லை. படத்தில் இருந்த போர்டின் ஓரத்தில் மார்க்கர் கோடு ஒன்று உண்டு, எனக்கு வந்ததில் அது கிடையாது. யாருடைய போர்டைப் படம் பிடித்தாரோ!

கேட்டதற்கு முதல் பதில், "கூரியரில் அடிபட்டிருக்கும்". அடிபட்டால் களிம்பு பூக்குமா? அப்புறம், "உங்கள் வீட்டு மின்சாரம் சரியாக இருக்கிறதா?" ஜப்பான் முழுக்க 100 வோல்ட்தானே ஐயா! கடைசியில் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த "புகார் ஏற்கப்படாது, திருப்பி எடுக்கப்படாது" வரியைக் காட்டிவிட்டு ஆள் காணாமல் போனார். தளத்துக்காரர்களோ, பரிவர்த்தனை முடிந்துவிட்டது, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அச்சடித்த பதிலைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். 98,000 யென்னுக்கு அவ்வளவுதான் மரியாதை.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. படத்தை நம்பாதீர்கள், அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து மெஷின் ஓடுவதை வீடியோ கேளுங்கள். உள்ளே திறந்து பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். ஓட்டிப் பார்க்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள், விற்பவர் எவ்வளவு அழுதாலும் சரி. பிசி-88, எஃப்எம் டவுன்ஸ் போன்ற மற்ற பழைய ஜப்பானியக் கணினிகளை வாங்குகிறவர்களுக்கும் இதேதான்.