மட்டக்களப்பில் 24,000 ரூபாவுக்கு வாங்கிய போலி 1050 டிஐ: பாவித்த கிராபிக்ஸ் கார்ட் தேடுபவர்கள் கவனம்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பாவித்த கிராபிக்ஸ் கார்ட் (கொம்பியூட்டரில் கேம் படங்களைத் திரைக்கு வரைகிற பலகை) தேடித் திரிபவர்கள், காசை எண்ணிக் கொடுக்க முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கள். என்விடியா ஜீடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு விற்ற கார்ட் 1050 டிஐயே இல்லை. 2010, 2011 காலத்துக் கார்ட் ஒன்றின் பயாஸை, அதாவது கார்ட் தன் பெயரையும் மெமரியையும் சொல்கிற உள் மென்பொருளை, மாற்றி எழுதி, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். கடை நகருக்குள்தான். பெயரை இங்கே போடவில்லை. இந்த மாதிரிக் கார்ட் எந்தக் கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் கிடக்கலாம் என்பதால், கடையை விடக் கார்டை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

அக்காவின் மகன் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை கேம் விளையாட ஒரு கொம்பியூட்டர் கேட்டான். கல்முனையில், கம்பனிகள் கழித்துவிட்ட எச்பி டவர் ஒன்று கிடைத்தது. நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். அதில் ஒரு குறையும் இல்லை, சொன்னபடி சாமான் இருந்தது. ஆனால் இந்த மாதிரி ஒஃபிஸ் மெஷின்களில் பவர் சப்ளை சின்னது, கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயரும் பெரும்பாலும் வராது. 1050 டிஐ இன்னும் தேடப்படுவது இதனால்தான். 2016இல் வந்த கார்ட் என்றாலும் 75 வாட்தான் எடுக்கும், அதை மதர்போர்ட் ஸ்லொட்டே கொடுத்துவிடும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறின பிறகு, புதுக் கார்ட் என்பது எங்கள் மாதிரி வீடுகளுக்கு எட்டாத விஷயம். ஆகவே தெரிவு சரியான தெரிவுதான்.

கார்ட் வாங்கக் கூட்டாளியோடு போனான். கடைக்காரர் தன் மெஷினில் போட்டு, டிவைஸ் மெனேஜரைத் திறந்து காட்டியிருக்கிறார். ஜீஃபோர்ஸ் ஜீடிஎக்ஸ் 1050 டிஐ என்று எழுத்து நிற்கிறது. டிஸ்பிளே பகுதியில் மெமரி 4 ஜிபி. "பாருங்க தம்பி, நான் சொல்லல்ல, கொம்பியூட்டரே சொல்லுது" என்றாராம். யூடியூபில் ஒரு பாட்டும் ஓடிக் காட்டினார். கேம் ஒன்றும் ஓட்டவில்லை. பிறகு ஒரு பக்கம் பழைய ஹார்ட் டிஸ்க் வயரில் மாட்டுகிற வெள்ளைச் சொக்கெட்டும், மறுபக்கம் கறுப்பு ஆறு பின்னும் உள்ள கட்டை வயர் ஒன்றை எடுத்து, "இதையும் கொண்டு போங்க, சும்மா தாறன்" என்று கொடுத்திருக்கிறார். கூடவே டிரைவர், அதாவது விண்டோஸ் கார்டை ஓட்டப் பாவிக்கிற மென்பொருள், உள்ள ஒரு சிடி. "இதில இருக்கிற டிரைவர மட்டும் போடுங்க, நெட்ல அப்டேட் பண்ணிராதீங்க."

இந்த வயரையும் சிடியையும் நினைக்கத்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஸ்லொட் மின்சாரத்திலேயே ஓட வேண்டிய கார்டுக்கு ஆறு பின் எதற்கு? சில கம்பனிகளின் பெரிய மொடல்களில் அது இருக்கும், உண்மை. ஆனால் ஒற்றை ஃபேன் வைத்த மலிவு மொடலில் இருந்தால் உள்ளே இருப்பது வேறு ஏதோ. டிரைவரும் அப்படித்தான். நிஜமான 1050 டிஐக்கு என்விடியா தளத்திலிருந்து இறக்குகிற டிரைவர் தடையில்லாமல் ஏறும். ஏறாதே, தொடாதே என்று எவராவது சொன்னால், கார்டை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்து ஜீடிஏ 5 போட்டான். கேம் திறந்தது. நகரத்துக்குள் காரை ஓட்டினால் ஒவ்வொரு படமாக நின்று நின்று நகர்கிறது. டெக்ஸ்சரைக் கொஞ்சம் கூட்டினால் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடு விழுந்து மெஷின் உறைந்துபோகும். முதலில் ரேமைச் சந்தேகப்பட்டோம், பிறகு பவர் சப்ளையை. அதற்குள் ஒரு இரவு விண்டோஸ் தானாக டிரைவரை அப்டேட் செய்துவிட்டது. காலையில் திரை கறுப்பு.

அப்புறம்தான் கார்டைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம், பழைய மொனிட்டர் வயர் மாட்டுகிற நீல நிற வீஜீஏ துளை. பஸ்கல் தலைமுறையில், அதாவது ஜீடிஎக்ஸ் 1050, 1060 குடும்பத்தில், வீஜீஏவுக்குத் தேவையான அனலொக் வெளியீட்டையே என்விடியா எடுத்துவிட்டது. அந்த நீலத் துளையை 1050 டிஐ என்று விற்கிற கார்டில் கண்டால் வேறு பரிசோதனை தேவையில்லை. ஃபேனில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியிருந்தது. நகத்தால் கிளப்பினேன், கீழே இன்னொரு ஸ்டிக்கரின் பசைத் தடம்.

பழைய டிரைவரை ஏற்றி ஜீபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினோம். 2018இலிருந்து இந்த மென்பொருள் போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ஃபேக் என்று எழுதிக் காட்டும். காட்டியது. ஷேடர், அதாவது படத்துக்குக் கணக்குப் போடுகிற சின்ன அலகுகளின், எண்ணிக்கை 192. நிஜமான 1050 டிஐயில் 768. சிப் 40 நெனோமீற்றர் என்று வந்தது, 1050 டிஐ என்றால் 14 (எண் குறைந்தால் சிப் புதிது). ஜீடிஎஸ் 450 அல்லது ஜீடிஎக்ஸ் 550 டிஐ ரகத்துச் சிப் அது. அந்தத் தலைமுறைக்கு என்விடியா 2018இலேயே புது டிரைவர் விடுவதை நிறுத்திவிட்டது. பழசை மறைத்து விற்க வேண்டிய தேவையே அதனால்தான் வந்தது. மெமரிக் கணக்கும் பொய். பயாஸ் 4 ஜிபி என்று சொல்லும், பலகையில் அவ்வளவு இருக்காது. இல்லாத மெமரியைக் கேம் கேட்கும்போதுதான் அந்தப் பச்சைக் கோடுகள். மின்சாரமும் நூறு வாட்டுக்கு மேல் எடுக்கும், அதற்காகத்தான் அந்த "சும்மா" வயர். ஒஃபிஸ் மெஷினின் சின்னப் பவர் சப்ளை புகைந்திருந்தால் யார் பொறுப்பு?

மருமகனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், "போகக்குள்ள ஓடினதுதானே" என்றார். ஜீபியூ-இசட் படத்தைக் காட்டினேன். அது நெட்டில் வருகிற சாமான், அதை நம்ப ஏலாது என்றார். பிறகு, "நாங்களும் கொழும்பில இருந்து எடுக்கிறதுதான் ஐயா, எங்களுக்கு எப்படித் தெரியும்?" கடைசியில், இன்னொரு 15,000 போட்டால் ஏஎம்டி கம்பனியின் ஆர்எக்ஸ் 580 கார்ட் தாறேன் என்றார். பெட்டியைப் பார்த்தால் 2048எஸ்பி என்று சின்ன எழுத்து. அது முழு 580 இல்லை. நிஜமான 580இல் 2304 ஷேடர் இருக்கும், இது கிட்டத்தட்ட அதற்குக் கீழே உள்ள 570. எங்கள் மெஷினில் அதற்கு மின்சாரமும் காணாது. ஒரு பொய்க்குப் பரிகாரமாக இன்னொரு அரைப் பொய்.

பில் கேட்டபோது எழுதிக் கொடுத்திருந்தது, "கார்ட் 24,000" மட்டும். மொடல் இல்லை, சீரியல் இல்லை. எங்கள் நல்ல காலம், 1050 டிஐ என்று அவரே எழுதிய வட்ஸ்அப் மெசேஜ் மருமகனின் போனில் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் ரசீது கொடுப்பது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. இந்த இலக்கத்தைச் சொன்னதும் அவருடைய குரல் மாறியது. முன்னால் நின்ற இன்னொரு வாடிக்கையாளரும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றதும் உதவியிருக்கும். 18,000 திரும்பி வந்தது, மிச்சம் "டெஸ்டிங் சார்ஜ்" என்று வெட்டிக்கொண்டார். முழுக் காசுக்கும் முறைப்பாடு போடத்தான் எனக்கு விருப்பம். அக்கா, "போதும் விடுடா, ஊருக்குள்ள இருக்கிற ஆக்கள்" என்று தடுத்துவிட்டா. கார்டைக் கடைக்காரரே வாங்கி வைத்துக்கொண்டார்.

லெப்டொப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே கடையில் கேட்டது இது: "8 ஜிபி கிராபிக்ஸ்". திரையில் காட்டியது டிஸ்பிளே பகுதியில் வருகிற மொத்தக் கிராபிக்ஸ் மெமரி. அதில் ரேமிலிருந்து கடன் எடுப்பதும் சேர்ந்தே வரும். அதற்குக் கீழே டெடிகேட்டட் (கிராபிக்ஸுக்கென்றே ஒதுக்கிய மெமரி) என்ற வரியைப் பாருங்கள், அங்கே 128 எம்பி நின்றது. ஐ7 என்ற ஸ்டிக்கரும் இப்படித்தான். 2011இல் வந்த இரண்டாம் தலைமுறையும் ஐ7தான். எண்ணைப் பாருங்கள், 2இல் தொடங்கினால் இரண்டாம் தலைமுறை. எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது.

ஜீபியூ-இசட்டைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள், கடையில் நெட் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கேமையாவது கால் மணித்தியாலம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை இருக்கிறது.

போன கிழமை மருமகனின் கூட்டாளி ஒருவன் பேஸ்புக் விற்பனைக் குழு ஒன்றில் படம் பார்த்து அனுப்பினான். அதே கார்ட், 26,000 கேட்டிருக்கிறார்கள். கறுப்பு மூடி, ஒற்றை ஃபேன், நடுவில் சிவப்பு ஸ்டிக்கர், ஸ்டிக்கரின் ஓரத்தில் என் நகம் பட்ட கீறல். வீஜீஏ துளை இருக்கிற பக்கத்தை மட்டும் படம் எடுக்கவில்லை.