போன வாங்கிட்டு ஊருக்குப் போறதா, ஊர்லயே வாங்குறதா: நெல்லைப் பயண அனுபவம்

2024 நவம்பர் மாசம் தம்பிகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "யக்கா, பொங்கலுக்கு வரும்போது எனக்கு ஒன்பிளஸ் 13 ஒண்ணு ஏற்பாடு பண்ணேன், சைனால அக்டோபர் 31ஏ விட்டுட்டான், இங்க வர ஜனவரி ஆவும்ங்காவ." நான் இருக்கிறது டல்லாஸ்ல, அமெரிக்காவுலயும் அப்ப அது வரல. ஆனா என்கூட காலேஜ்ல படிச்சவ ஒருத்தி சென்னைல இருக்கா, எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் வியாபாரம், வருஷத்துக்கு நாலு தடவ சைனால இருக்கிற ஷென்ஜென் போவா. ஜனவரி 3ஆம் தேதி திரும்புறேன், வேணும்னா ஒண்ணு வாங்கிட்டு வாரேன்னு சொன்னா. விலைய கேட்டதும் எனக்கும் ஆசை வந்துடுச்சு. 12 ஜிபி, 256 ஜிபி மாடல் அங்க 4,499 யுவான், நம்ம காசுக்கு ₹52,000 சொச்சம்தான்.

தம்பி ஏன் இவ்வளவு அவசரப்படுறான்னு சொல்லணும். அவன் ஆத்தங்கரைப் பக்கம் நர்சரி வச்சிருக்கான், 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி பொங்கி வந்தப்ப நாத்தோட சேத்து அவன் போனும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஒரு வருஷமா ஒரு பழைய செகண்ட் ஹேண்ட் போன வச்சு ஓட்டுறான், செடிய போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பித்தான் பாதி வியாபாரமே நடக்குது, வெயில்ல ஸ்கிரீன் தெரியாது, ஈரக் கையோட தொட்டா எதுவும் நகராது, மத்தியானத்துக்குள்ள சார்ஜ் காலி. அதனால இந்த தடவ நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்துடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் பிளைட் ஏறினேன்.

டிசம்பர் 20 சென்னைல இறங்கி அன்னைக்கு ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸ் புடிச்சு ஊருக்கு வந்தாச்சு. முதல் வேலை என்னோட சிம்மு. இத கொஞ்சம் விவரமா எழுதுறேன், வெளிநாட்டுல இருந்து போன் வாங்கிட்டுப் போற எல்லாருக்கும் இது வரும். என் போன் அமெரிக்காவுல வாங்கின ஐபோன் 15. அங்க விக்கிற ஐபோன்ல 14ல இருந்தே சிம் போடுற ஓட்டை கிடையாது, இசிம் மட்டும்தான், அதாவது போனுக்குள்ளயே ஏத்துற சிம். நம்ம ஊர் நம்பரோட பிளாஸ்டிக் சிம் அம்மா பீரோவுல பத்திரமா இருக்கு, மாசாமாசம் ரீசார்ஜும் பண்ணிட்டுத்தான் இருந்தாங்க, ஆனா அத என் போன்ல எங்க போடுறது. வண்ணார்பேட்டைல ஒரு செல்போன் கடைல கேட்டா, இது அமெரிக்கா போன், லாக் ஆகி இருக்கும், நம்ம ஊர் சிம் எடுக்காதுன்னு அடிச்சு சொல்லிட்டாரு. அது தப்பு, போன் அன்லாக்டு, எந்த கம்பெனி சிம்மும் எடுக்கும். அப்புறம் அந்த சிம் கம்பெனியோட சொந்த ஷோரூமுக்கே போனோம், அங்க இருந்த பொண்ணு ரொம்பப் பொறுமையா சொல்லிக் குடுத்துச்சு. சிம்ம அம்மா போன்ல போட்டு, என் ஈமெயில் ஐடிய எஸ்எம்எஸ் பண்ணி, திரும்ப கேட்டதுக்கு சரின்னு பதில் அனுப்பினா, மெயிலுக்கு ஒரு க்யூஆர் கோடு வருது, அத என் போன்ல ஸ்கேன் பண்ணினா நம்பர் ஏறிடுது. கால் மணி நேர வேலை.

ஆனா ஒரு விஷயம் அந்தப் பொண்ணு முதல்லயே சொன்னதாலதான் நான் பதறாம இருந்தேன். சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. யாராவது நம்ம நம்பர ஏமாத்தி வேற சிம்முக்கு மாத்தி பேங்க் ஓடிபிய எடுத்துடக் கூடாதுங்கறதுக்காக 2022 கடைசில தொலைத்தொடர்பு துறை கொண்டு வந்த ரூல். நல்ல ரூல்தான், ஆனா ஊருக்கு வந்த அன்னைக்கே சிம் மாத்துனீங்கன்னா அந்த ஒரு நாள் பேங்க் ஓடிபி, யூபிஐ எதுவும் நடக்காது, கைல ரொக்கம் வச்சிருக்கணும். நான் டிக்கெட் எல்லாம் முன்னாடியே போட்டு வச்சதால தப்பிச்சேன்.

அடுத்த நாள் யூபிஐ. வெளிநாட்டு நம்பர்லயே யூபிஐ வச்சுக்கலாம்னு 2023 ஜனவரில அனுமதி வந்துச்சு, சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, யூஏஇ, கத்தார்னு மொத்தம் 10 நாட்டு நம்பர், வெளிநாட்டுல இருக்கிறவங்க இங்க வச்சுக்கிற என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ அக்கவுண்ட் இருந்தா போதும். ஆனா அத பேங்கும் திறந்து விடணும், என் பேங்க்ல அமெரிக்க நம்பருக்கு அப்ப வரல. சரின்னு ஊர் நம்பர்லயே போட்டேன். ஆப்ப திறந்தா அது தானா ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி நம்பர சரிபாக்கும், என் போன் அத அமெரிக்க நம்பர்ல இருந்து அனுப்பிட்டே இருந்துச்சு, நாலு தடவ ஃபெயில். செட்டிங்ஸ்ல அமெரிக்க லைன கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணினதும் ஒரே தடவைல ஏறிடுச்சு. இது தெரியாம பேங்குக்கு ரெண்டு தடவ நடந்தேன், யாராச்சும் எழுதி வச்சிருந்தா அந்த நடை மிச்சம், அதான் எழுதுறேன்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவ வர எனக்கே இவ்வளவு வேலைன்னா, அமெரிக்கால இருந்து ஒரு ஐபோன வாங்கிட்டு வந்து எழுபது வயசு அப்பா கைல குடுத்துட்டுப் போனா அவரு என்ன பண்ணுவாரு? சிம்ல ஏதாவதுன்னா கழட்டி வேற போன்ல போட்டுப் பாக்கக் கூட முடியாது. காசாவது மிச்சமான்னு பாத்தா அதுவும் இல்ல. ஐபோன் 16 அப்ப அங்க 799 டாலர்ல ஆரம்பிச்சுது, டெக்சாஸ்ல 8.25 சதவீதம் டாக்ஸ் சேத்தா 865 டாலர், ஒரு டாலர் ₹85ன்னு வச்சா ₹73,500. அப்ப இருந்த ரூல்படி புது போன்னா கஸ்டம்ஸ்ல ₹50,000க்கு மேல உள்ளதுக்கு 38.5 சதவீதம் கட்டணும், அது ஒரு ₹9,000. ஆக ₹82,000க்கு மேல போச்சு, இங்க கடைல சிம் ஸ்லாட்டோட அதே போன் அப்ப ₹79,900. குடும்பத்துல நாலு பேர் சேந்து வந்தாலும் அப்ப ஆளுக்கு இருந்த ₹50,000 சலுகைய கூட்டி ஒரே போனுக்குக் கழிக்க முடியாது. துபாய்ல இருக்கிற அத்தான் ஒரு தடவ சாம்சங் வாங்கிட்டு வந்தாரு, பெட்டில சின்னதா ஒரு ஸ்டிக்கர், வாங்கின பகுதி சிம்ம போட்டு 5 நிமிஷமாவது பேசின பிறகுதான் வெளியூர் சிம் எடுக்கும்னு. ஊர்ல வந்து பெட்டிய உடைச்ச பிறகுதான் அத படிச்சாங்க.

தம்பி விஷயத்துக்கு வாரேன். சைனா போன் கணக்கு மட்டும்தான் இதுல வேற மாதிரி இருந்துச்சு, ஃப்ரெண்டோட ₹50,000 சலுகை போக ட்யூட்டி ₹1,000 கிட்டதான் வரும், உண்மையிலயே மலிவு. அதனால டிசம்பர் கடைசி வரைக்கும் வாங்கிடலாம்னுதான் இருந்தேன்.

மனச மாத்தினது அப்பாவோட போன். 2021ல நான் வாங்கிட்டு வந்து குடுத்தது, இந்தியாவுல விக்காத மாடல். கேமரா நல்லா இருக்குன்னு ஆசையா வாங்கினது, அப்பாவும் மூணு வருஷம் கண்ணா வச்சிருந்தாரு. நவம்பர்ல முத்தத்துல கீழ விழுந்து டிஸ்ப்ளே போச்சு, போன் உள்ள ஓடுது, கால் வந்தா மணி அடிக்குது, ஆனா ஸ்கிரீன் கருப்பு. தம்பி ரெண்டு மூணு கடைக்கு அலைஞ்சிருக்கான். நான் வந்த பிறகு பாளையங்கோட்டைல ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனோம், டோக்கன் போட்டு ஒரு மணி நேரம் உக்காந்தோம், அங்க இருந்த பையன் ஐஎம்இஐ நம்பர, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர, அடிச்சுப் பாத்துட்டு, மேடம் இது இந்தியா லிஸ்ட்லயே இல்ல, பார்ட்ஸ் ஆர்டர் போட எனக்கு சிஸ்டம்ல வழியே இல்லன்னான். அவன் மேல தப்பே இல்ல, காசு குடுக்கத் தயார்னு சொன்னாலும் அவனால செய்ய முடியாது. சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போன் போட்டுக் கேட்டா ஒரிஜினல் கிடையாது, டூப்ளிகேட் டிஸ்ப்ளே வரவழைக்கலாம், ரெண்டு வாரம் ஆகும், கேரண்டி இல்லன்னாங்க.

ஒரு போன் நம்ம ஊருக்கு வரலன்னா சில சமயம் அதுக்குக் காரணமே இருக்கும். 2019ல கூகுளோட பிக்சல் 4 போன் இந்தியாவுக்கு வராமலே போச்சு, அதுல கை அசைவ புடிக்க ஒரு சின்ன ரேடார் வச்சிருந்தாங்க, அது ஓடுற 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைய இங்க பயன்படுத்த அனுமதி கிடைக்கல. ஜியோவுல பாத்தீங்கன்னா 2ஜி, 3ஜியே கிடையாது, எல்லாம் 4ஜி, 5ஜி, நம்ம போன்ல அதுக்கு வோல்ட்டி, அதாவது 4ஜி வழியா கால் பேசுற வசதி, வேலை செய்யலன்னா நெட் வரும், சாதாரண கால் போகாது. சைனாவுல விக்கிற ஒன்பிளஸ்ல இருக்கிற சாஃப்ட்வேர் கலர்ஓஎஸ், இங்க வரதுல ஆக்சிஜன்ஓஎஸ், வெளிய ஒரே போன்தான், ஆனா உள்ள வேற, வாரண்டியும் வேற. இதுக்கு நடுவுல அந்த கம்பெனி இந்தியாவுல வாங்கினவங்களுக்கு ஸ்கிரீன்ல பச்சைக் கோடு விழுந்தா ஆயுசுக்கும் இலவசமா பாத்துத் தாரோம்னு டிசம்பர்ல அறிவிச்சாங்க. கொஞ்சம் காசு மிச்சம் புடிச்சு அந்த வாரண்டிய விடறதான்னு தம்பியும் நானும் மாடில உக்காந்து ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பேசினோம். சர்வீஸ் சென்டர்ல அந்தப் பையன் முகத்த பாத்துட்டு வந்த பிறகு எனக்கு மனசு வரல. மறுநாள் காலைல ஃப்ரெண்டுக்கு வேண்டாம்னு மெசேஜ் போட்டுட்டேன்.

அப்புறம் போட்டி மூணு போனுக்குள்ள. விவோ எக்ஸ்200 ப்ரோ டிசம்பர் 12ஆம் தேதியே இங்க வந்துடுச்சு, கடைல கைல எடுத்துப் பாத்தோம். தூரத்து ஜூம்ல 200 மெகாபிக்சல், ரோட்டுக்கு எதிர்த்தாப்ல இருந்த வேப்பமரத்துல ஒரு அணில தம்பி எடுத்தான், வால் முடி எண்ணலாம், அவ்வளவு சுத்தம். ஆனா ₹94,999, நர்சரில நாத்துக்கு ஜூம் எதுக்கு, செடி கைக்குப் பக்கத்துலதான இருக்கு. கல்யாண போட்டோ எடுக்கிறவரா இருந்தா கண்ணை மூடிட்டு அதத்தான் எடுக்கச் சொல்லுவேன். சாம்சங் எஸ்25 ஜனவரி 22ல வரும்னு ஜனவரி ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சு, எனக்கு 25ஆம் தேதி பிளைட்டு, கடைக்கு வரதுக்குள்ள நான் டல்லாஸ்ல இருப்பேன்.

ஜனவரி 7 ஒன்பிளஸ் 13 இங்க அறிவிச்சாங்க, ₹69,999. 6,000 எம்ஏஎச் பேட்டரி, தண்ணிக்கு ஐபி68, ஐபி69 ரெண்டும், ஈரக் கையோட தொட்டாலும் ஸ்கிரீன் கேக்கும். அது ஒண்ணு போதும் அவனுக்கு. பொங்கல் முடிஞ்ச வாரம் வண்ணார்பேட்டைலயே பில்லோட வாங்கினோம். பெட்டிய பிரிச்சதும், போன் அசல்தானான்னு பாக்க, *#06# போட்டு ஐஎம்இஐ எடுத்து, கேஒய்எம்னு ஆங்கிலத்துல அடிச்சு கூட அந்த நம்பரையும் சேத்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாத்தோம், மாடல் பேரு சரியா வந்துச்சு. எங்க வாங்கினாலும், முக்கியமா செகண்ட் ஹேண்ட் வாங்கினா, இத கட்டாயம் செய்ங்க. வீட்டுக்கு வந்ததும் தம்பி பண்ணின முதல் காரியம், ஹோஸ்பைப்ப புடிச்சிக்கிட்டே ஒரு ரோஜா நாத்த வீடியோ எடுத்து கஸ்டமருக்கு அனுப்பினது.

22ஆம் தேதி ராத்திரி எஸ்25 அறிமுகத்தையும் ரெண்டு பேரும் பாத்தோம். அல்ட்ரா ₹1,29,999. அதுக்கு முந்தின வருஷம் இங்க எஸ்24ல சாம்சங்கோட சொந்த எக்சினாஸ் சிப் போட்டாங்க, இந்த தடவ எல்லா ஊருக்கும் குவால்காமோட ஸ்னாப்டிராகன் சிப்தான்னு கேட்டதும் தம்பி முகத்துல ஒரு சின்ன யோசனை. காத்திருந்திருக்கணுமோன்னு கேட்டான். அந்த விலைல ரெண்டு ஷேட்நெட் போடலாம்லடான்னேன், ஆமாக்கான்னு எந்திரிச்சு படுக்கப் போயிட்டான்.

அப்பாவுக்கு இங்கயே ஒரு சாதாரண போன் எடுத்துக் குடுத்தாச்சு, எந்தத் தெருவுலயும் டிஸ்ப்ளே மாத்தலாம். பழைய போன டல்லாஸ்ல குடுத்து சரி பண்ணிப் பாக்கலாம்னு ஹேண்ட்பேக்ல வச்சேன். ஸ்டேஷனுக்குக் கிளம்புற நேரத்துல அப்பா வாசல்ல நின்னு ரெண்டாவது தடவையா சொன்னாரு. "ஏட்டி, அதுல ஆச்சி கடைசியா எடுத்த போட்டோ இருக்கு. ரிப்பேருக்குக் குடுக்கையில அழிச்சிரப் போறான், சொல்லிக் குடு."