விரல் கையெழுத்து: நேர்கோடா, பெசியர் வளைவா?

விரலால் எழுதும் செயலியை உருவாக்கும்போது, தொடுதிரை விரலின் பாதையை முழுதாகத் தருவதில்லை. இடைவெளி விட்ட புள்ளிகளாகத்தான் தருகிறது. அவற்றை எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நேர்கோட்டால் இணைக்க நாலு வரி நிரல் போதும். மெதுவாகப் போட்டால் குறை தெரியாது. வேகமாகச் சுழித்தால் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும். 'ழ'வின் சுழி பலகோணமாக உடைந்து நிற்கும்.

இருபடி பெசியர் என்பது தொடக்கம், முடிவு, இடையில் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி என மூன்றைக் கொண்டு வளைவு வரையும் கணித முறை. இங்கே வளைவு முதல் இரு புள்ளிகளின் நடுவில் தொடங்கி, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் முடியும். இடையில் விரல் தொட்ட அசல் புள்ளி, அதாவது இரண்டாவது, கட்டுப்பாட்டுப் புள்ளியாக நின்று வளைவை இழுக்கும். ஒவ்வொரு துண்டும் முந்தையது முடிந்த திசையிலேயே கிளம்புவதால் மூட்டு தெரியாது. கூர்மையான முனைகள் கொஞ்சம் மழுங்கும். கடைசிப் புள்ளிவரை தனியாக ஒரு கோடு இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒருவரின் கையெழுத்து அவருடையதாகவே தெரிய வேண்டும் என்பதால் என் ஓட்டு வளைவுக்கே.

எதை எடுத்தாலும், ஆண்ட்ராய்டு ஒரே தொடு நிகழ்வுக்குள் தொகுத்து அனுப்பும் இடைப் புள்ளிகளையும் சேர்த்து வாங்குங்கள். ஐஓஎஸ்ஸிலும் இந்த வசதி உண்டு. இன்னொன்று: தொட்டு எடுத்தால் வளைவே உருவாகாது. அங்கே சிறு வட்டம் வரையாவிட்டால் 'ம்' புள்ளியில்லாமல் 'ம' ஆகிவிடும்.