பிழைத்திருக்கும் கலை: ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’

பிழைத்திருத்தலைக் கருவாகக் கொண்ட நவீன நாவல்களில் மரணத்தோடு நேருக்கு நேர் மோதும் காட்சி ஒன்றை வாசகர் எதிர்பார்ப்பது இயல்பு. அலெக்சாந்தர் சோல்செனித்சின் எழுதிய இந்தக் குறுநாவலில் அப்படியொரு காட்சி இல்லை. தப்பியோட்டமும் கலகமும் இல்லை. கதை நிகழும் அந்த ஒரு நாளுக்குள் எவரும் இறப்பதும் இல்லை. 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சோவியத் உழைப்பு முகாம் ஒன்றில், இவான் டெனிசோவிச் சூகவ் என்ற கைதி விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்விழிப்பதிலிருந்து இரவு உறங்கப் போவது வரையிலான நிகழ்வுகள் மட்டுமே, அத்தியாயப் பிரிவுகள்கூட இல்லாமல் ஒரே ஓட்டமாகச் சொல்லப்படுகின்றன. உயிரோடு இருப்பது என்றால் என்ன, அதற்கு ஒரு மனிதன் எதையெல்லாம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்ற கேள்விகளை இவ்வளவு நெருக்கமாக ஆராய்ந்த வேறொரு படைப்பு என் வாசிப்பில் இல்லை.

சூகவ் ஒரு கிராமத்து விவசாயி. 1941இல் ஜெர்மனி படையெடுத்த மறுநாளே வீட்டை விட்டுப் போருக்குப் போனவர். எதிரிகளிடம் சிறைப்பட்டு, சில நாள்களில் தப்பித் தன் படைக்கே திரும்பி வந்ததற்காக, உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்றவர். இந்த அநீதியைக் குறித்து அவர் புலம்புவதே இல்லை என்பதுதான் முதலில் கவனத்தை ஈர்க்கிறது. புலம்புவதற்கான நேரமோ உடல் வலுவோ அவரிடம் இல்லை. காலையில் கிடைக்கும் ரொட்டிப் பங்கில் பாதியை மெத்தைக்குள் வைத்துத் தைப்பதற்கு எத்தனை நொடிகள் இருக்கின்றன, தொப்பிக்குள் மறைத்து வைத்திருக்கும் ஊசி சோதனையில் அகப்படாமல் இருக்குமா, வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 41 டிகிரியைக் காட்டினால்தானே வேலைக்கு அனுப்பாமல் இருப்பார்கள், இன்று 27தானே என்பவையே அவருடைய சிந்தனைகள். வாசகரும் சில பக்கங்களுக்குள் இந்தக் கணக்குகளுக்குள் இழுக்கப்பட்டு, ஒரு கிண்ணம் கஞ்சி கூடுதலாகக் கிடைக்குமா என்பதைப் பதைப்புடன் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

நூலின் முதுகெலும்பு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. முன்பிருந்த முகாமில் சூகவின் முதல் குழுத்தலைவராக இருந்த குஸ்யோமின் என்ற பழைய கைதி, இங்கே காட்டின் சட்டம்தான் செல்லும், ஆனாலும் இங்கேயும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று சொல்லி, அழிந்துபோகிறவர்கள் யார் யார் என்றும் விளக்குகிறார்: அடுத்தவரின் கிண்ணத்தை நக்குபவர், மருத்துவ அறையை நம்பியிருப்பவர், சக கைதிகளைக் காட்டிக்கொடுப்பவர். இது ஓர் அறிவுரையாக மட்டும் நின்றிருந்தால் நூல் நீதிக்கதையாகச் சுருங்கியிருக்கும். சூகவ் உடனே தன் மனத்துக்குள் அதைத் திருத்துகிறார். காட்டிக்கொடுப்பவர்கள் அழிவதில்லை, அவர்கள் நன்றாகவே தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், ஆனால் அந்தப் பாதுகாப்பு பிறருடைய இரத்தத்தின் மீது நிற்கிறது என்று எண்ணுகிறார். நேர்மையானவர் பிழைப்பார் என்ற ஆறுதலை ஆசிரியர் நமக்குத் தரவில்லை. பிழைப்பதும் மனிதராக இருப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே கதை நகர்கிறது.

அதனால்தான் சூகவின் சின்னஞ்சிறு விதிகள் அத்தனை எடை பெறுகின்றன. எத்தனை குளிராக இருந்தாலும் தொப்பியைக் கழற்றாமல் அவர் சாப்பிடுவதில்லை. மீனின் செவுளையும் வாலையும் மென்று தின்பார். கண்கள் தலையிலேயே இருந்தால் அவற்றையும் உண்பார். கழன்று கிண்ணத்தில் தனியாக மிதந்தால் தொடமாட்டார். அலுமினியக் கம்பியை உருக்கித் தானே வார்த்த கரண்டியைக் காலணிக்குள் செருகி எங்கும் எடுத்துச் செல்வார். வீட்டில் வறுமை என்பதால் பொட்டலம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டவர். அதே நேரத்தில், பொட்டலம் வரும் கைதியான திரைப்பட இயக்குநர் சேஸருக்காக வரிசையில் நின்று இடம் பிடித்துத் தருவதிலும், அதற்குக் கைம்மாறாக உணவு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதிலும் அவருக்குக் கூச்சம் இல்லை. சேவைக்குக் கூலி பெறலாம், இரந்து நிற்கக் கூடாது என்பது அவருடைய எல்லைக்கோடு. பிறர் எறிந்த சிகரெட் துண்டுகளுக்கு அலையும் பெத்யுகோவ் அந்தக் கோட்டைக் கடந்துவிட்டவன். அவனிடம் எரிச்சல் கொள்ளும் சூகவ், நாளின் இறுதியில் அவன் அடிவாங்கி அழுதபடி வரும்போது இரங்கவும் செய்கிறார்.

சேஸர் வரும் காட்சி ஒன்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கதகதப்பான அலுவலக அறையில் அவரும் வயதான கைதி ஒருவரும் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீனின் ‘கொடுங்கோலன் இவான்’ திரைப்படத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்க, ஆறிக்கொண்டிருக்கும் கஞ்சிக் கிண்ணத்தோடு சூகவ் நின்றுகொண்டே இருக்கிறார். மேதையானவர் கொடுங்கோலரின் சுவைக்கு ஏற்பத் தன் படைப்பை மாற்றிக்கொள்ள மாட்டார் என்று அந்த முதியவர் சீறுகிறார். வாதம் முக்கியமானது, கஞ்சியும் முக்கியமானது. இரண்டில் எதையும் ஆசிரியர் கேலி செய்யவில்லை.

நூலின் உச்சம் சுவர் கட்டும் பகுதி. பாதியில் நிற்கும் மின்நிலையக் கட்டடத்தின் மேல்தளத்தில், கலவை உறைவதற்குள் கல்லை வைத்தாக வேண்டிய கட்டாயத்தில், சூகவ் உலகையே மறந்து வேலை செய்கிறார். தனக்கென்று ஒளித்து வைத்திருக்கும் நல்ல கரணையால் கலவையை விரித்து, கல்லின் மேடுபள்ளத்தைக் கண்ணாலேயே அளந்து, வரிசை வரிசையாக எழுப்புகிறார். வேலைநேரம் முடிந்து காவலர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதும் சுவர் நேராக நிற்கிறதா என்று ஒருமுறை பார்க்கப் பின்வாங்குகிறார். சோல்செனித்சின் கஸகஸ்தானின் எகிபாஸ்தூஸ் முகாமில் தாமே கொத்துவேலை செய்தவர் என்பதால், இப்பகுதியின் ஒவ்வொரு அசைவிலும் கைப்பழக்கம் தெரிகிறது.

ஆயினும் இங்கேதான் எனக்கு ஒரு தயக்கமும் எழுகிறது. அடிமை வேலையில் மகிழ்ச்சி காண்பது மனிதனை மீட்கிறதா, அல்லது அந்த அமைப்புக்கே பயன்படுகிறதா? வடகிழக்கு ருஷ்யாவின் கோலிமா முகாம்களில் நெடுங்காலம் வதைபட்ட எழுத்தாளர் வர்லாம் ஷலாமவ், இந்தக் கதையைப் பாராட்டி ஆசிரியருக்கு நீண்ட கடிதம் எழுதியபோது, மருத்துவ அறையருகே பூனை ஒன்று திரிவதைச் சுட்டிக்காட்டினார். தாம் அறிந்த முகாமில் அந்தப் பூனை எப்போதோ தின்னப்பட்டிருக்கும் என்றார். முகாம் அனுபவம் முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை எவருக்கும் எந்த நன்மையும் தராதது என்பது ஷலாமவின் உறுதியான கருத்து. அந்தக் கருத்தை மனத்தில் வைத்துப் பார்க்கையில், சூகவின் கண்ணியம் அவருக்கு இன்னும் கொஞ்சம் வலு மிஞ்சியிருப்பதால் சாத்தியமான ஒன்று என்று தெரிகிறது. சூகவின் இப்போதைய குழுத்தலைவர் தியூரின் சற்றே இலட்சிய மனிதராகத் தீட்டப்பட்டிருப்பதும் ஒரு குறைதான். இருந்தும் இந்த நூலின் மீதான என் மதிப்பு குறையவில்லை. இது தன் எல்லைக்குள் பொய் சொல்லவில்லை. விதிமுறையைச் சுட்டிக்காட்டி அதிகாரியிடம் உரிமை கேட்ட கடற்படைத் தளபதி புய்னவ்ஸ்கி, அந்த இரவே பத்து நாள் தனிச்சிறைக்கு இழுத்துச் செல்லப்படுகிறார். அந்தக் குளிரில் பத்து நாள் என்றால் உடல் வாழ்நாளுக்கும் சீர்கெட்டுவிடும் என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொல்கிறார்.

வெளியான வரலாறும் அறியத்தக்கது. ‘நோவி மீர்’ இதழின் ஆசிரியர் துவார்தோவ்ஸ்கியின் முயற்சியாலும் அப்போதைய சோவியத் தலைவர் குருஷேவின் நேரடி ஒப்புதலாலும் 1962 நவம்பரில் இது அச்சேறியது. 1970இல் ஆசிரியருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1974இல் அவர் நாடு கடத்தப்பட, நூல் சோவியத் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. மாஸ்கோ பதிப்பகங்களின் மலிவு விலைத் தமிழ் நூல்கள் வழியாக ருஷ்ய இலக்கியத்தை நேசிக்கத் தொடங்கிய தலைமுறையினர், அந்த வரிசையில் இடம்பெறாத இந்தப் பெயரையும் அவசியம் வாசிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு, முழுமையான மூலத்தைப் பின்பற்றி 1991இல் வெளிவந்த எச். டி. வில்லெட்ஸ் மொழிபெயர்ப்பைப் பரிந்துரைக்கிறேன். 1963இல் வந்த பதிப்புகள் தணிக்கைக்கு உட்பட்ட இதழ்ப் பிரதியிலிருந்து செய்யப்பட்டவை. முன்னுரைகளைக் கடைசிக்கு ஒத்திவைத்து, இடையில் நிறுத்தாமல் ஒரே அமர்வில் வாசிப்பது நல்லது. முடித்த கையோடு ஷலாமவின் கோலிமா கதைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.