ரேடியேட்டர் வால்வு: ஊசியை விடுவிப்பதா, தலையை மாற்றுவதா?

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வு மேல் எண்கள் போட்ட திருகு குமிழ் இருக்கிறதே, அதுதான் தெர்மோஸ்டாட் தலை. அதை உச்ச அளவான 5-இல் வைத்தும் ரேடியேட்டர் சில்லென்று இருந்தால், உடனே புதுத் தலை வாங்க ஓடாதீர்கள். முதலில் ஊசியைப் பாருங்கள்.

தலையைக் கழற்றினால் நடுவில் சின்ன உலோக ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அழுத்தினால், சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாகத் துள்ளி வர வேண்டும். கோடை முழுக்க மூடிக் கிடந்த வால்வில் அது உள்ளேயே ஒட்டிக்கொண்டு சுடுதண்ணீரின் வழியை அடைத்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய், பக்கவாட்டில் லேசான தட்டல், பெரும்பாலும் இதுவே போதும். தயவுசெய்து குறடால் இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்தால் சுடுதண்ணீர் பீறிடும்.

தலை இல்லாதபோது சூடாகி, மாட்டியதும் குளிர்கிறதா? சரி, அப்போது குற்றவாளி தலைதான். தண்ணீரை வடிக்காமலே மாற்றிவிடலாம். புதியது உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.